கூட்டேரிப்பட்டில் மாற்றிய சீட்டு

விழுப்புரம்,
10 டிசம்பர் 2025

அன்புள்ள சாராவுக்கு,

நலமா என்று கேட்டால் உனக்குக் கோபம்தான் வரும். கேட்காமல் எழுத எனக்கு வரவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்.

வாட்ஸப்பில் என்னைத் தடுத்துவிட்டாய். போன் அடித்தால் ஒரு மணியோடு கட்டாகிறது. தபால்காரரை உன்னால் தடுக்க முடியாது என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். கவர் வாங்கப் போன இடத்தில் கவுண்ட்டரில் இருந்த பெண், "ரிஜிஸ்டரா மேடம்? வக்கீல் நோட்டீசா?" என்று கேட்டாள். "இல்லம்மா, சும்மா ஒரு லெட்டரு" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நம் பட்டிமன்றச் சொல்லரங்கத்தின் மாதக் கூட்டத்தில் நடந்ததைக் கோகுலகிருஷ்ணன் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். நம் செயலாளர் நல்ல செய்தியை நாலு நாள் ஊறவைப்பார், கெட்ட செய்தியை டீ ஆறுவதற்குள் அனுப்பிவிடுவார். ஆக, தீர்மானத்தின் வாசகம் உனக்கு வந்து சேர்ந்திருக்கும். "நூலக வாரப் பட்டிமன்றத்தில் சாரா பீவி அவர்கள் இஸ்ரேலுக்கு ஆதரவாகப் பேசியதற்கு அரங்கம் வருந்துகிறது. அது அரங்கத்தின் கருத்து அன்று. ஆறு மாதங்களுக்கு அவருக்கு மேடை இல்லை." செயலாளர் முதலில் 'கண்டிக்கிறது' என்றுதான் எழுதியிருந்தார். நடுவர் சீனுவாசன் ஐயாதான், "கண்டிக்கிறதுன்னு போட்டா அந்தப் பொண்ணு மனசு நோவும்ப்பா. வருந்துகிறதுன்னு போடு" என்றார். அந்த ஒரு சொல்லுக்கே அரை மணி நேரம் ஆனது. ஐ.நா. சபையிலும் இப்படித்தான் வினைச்சொல்லுக்கு மல்லுக்கட்டுவார்கள் என்று நீ மேடையில் சொன்னது நினைவுக்கு வந்தது. சிரிக்க முடியவில்லை.

பத்துப் பேர் இருந்தோம். ஒன்பது பேர் ஆதரவு, எதிர்ப்பு இல்லை, ஒருவர் நடுநிலை. அந்த ஒருவர் நான்.

இதற்காகத்தான் என்னைத் தடுத்தாய் என்று தெரியும். பன்னிரண்டு வருடமாக எந்த மேடையிலும் நீ ஒரு பக்கம், நான் எதிர்ப் பக்கம். மாமியாரா மருமகளா என்பதில் தொடங்கி, இந்த வட்டாரத்துக் கல்யாண மண்டபங்களில் நாம் போடாத சண்டை இல்லை. கீழே இறங்கினால் ஒரே பஸ், ஒரே சீட். நான் உனக்குக் கெடுதல் நினைப்பேனா? கையைத் தூக்காமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. அதைக் காகிதத்தில் எழுத எனக்கு மனமில்லை. கூட்டேரிப்பட்டுக்கு வருகிறாயா? வழக்கமான டீக்கடைதான்.

உன் எதிரணி,
கலைமதி


திண்டிவனம்,
15 டிசம்பர் 2025

திருமதி கலைமதி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. 'அன்புள்ள' என்று எழுதியிருந்தீர்கள். அதில் நான் நடுநிலை வகிக்கிறேன்.

கூட்டேரிப்பட்டுக்கு வரமாட்டேன். சொல்ல வேண்டியதை எழுதுங்கள். நேரில் பார்த்தால் நீங்கள் சிரிப்புக் காட்டுவீர்கள், நானும் சிரித்துவிடுவேன். அதோடு இது முடிந்துபோகும். முடியக் கூடாது.

நான் என்ன பேசினேன் என்று அங்கே உட்கார்ந்திருந்த பத்துப் பேருக்கும் தெரியும். தலைப்பே "உலக சபைத் தீர்மானங்களில் இஸ்ரேலுக்கு நடப்பது நியாயமா, ஓரவஞ்சனையா" என்பதுதான். எழுந்ததும் முதலில் காசாவில் செத்த பிள்ளைகளைச் சொன்னேன். அக்டோபர் ஏழில் கொல்லப்பட்டவர்களையும் பிணையாகப் பிடித்துப் போனவர்களையும் சொன்னேன். அதன் பிறகுதான் கேட்டேன். மனித உரிமை மன்றத்தில் மற்ற நாடுகள் எல்லாம் ஒரே பொதுத் தலைப்பில் அடங்கும்போது, ஒரே ஒரு நாட்டுக்கு மட்டும் நிரந்தரமாக ஒரு தனித் தலைப்பு ஏன்? பொதுச்சபையில் அந்த நாட்டின் மேல் போடும் தீர்மானங்கள், பல வருடங்களில் மற்ற எல்லா நாடுகளின் மேல் போட்டதையும் கூட்டினாலும் அதிகமாக இருப்பது ஏன்? அளவுக்கு மீறிப் போய்விட்டது என்று ஒரு பொதுச்செயலாளரே பதவி விட்டுப் போகும் நேரத்தில் சொன்னது ஏன்? சூடானில் சாகிறவனுக்கு அந்தத் தீர்மானக் காகிதமும் சொட்டுச் சொட்டாகத்தானே கிடைக்கிறது? கடைசியில் முள்ளிவாய்க்காலுக்கு வந்தேன். 2009 மே மாதம் அங்கே ரத்தம் காய்வதற்குள் அதே மனித உரிமை மன்றம் கூடி இலங்கையைப் பாராட்டித் தீர்மானம் போட்டது. நம் நாடும் ஆதரித்துக் கை தூக்கியது. அதைச் சொன்னபோது மண்டபத்தில் ஒருவர்கூட அசையவில்லை. நீங்களும்தான்.

படம் பிடித்தவன் அதையெல்லாம் விட்டுவிட்டான். கடைசியில் நான் கையை உயர்த்தி "ஓரவஞ்சனை, ஓரவஞ்சனை, ஓரவஞ்சனை!" என்று முடித்த அரை நிமிடம் மட்டும் ஊரெல்லாம் சுற்றியது. ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் என் கடையில் ஆதார் அட்டையை நீட்டிக்கொண்டே என் முகத்தையும் போனையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எனக்கு முன்பின் தெரியாத சிலர் புகழ்ந்து எழுதினார்கள். என் சனங்களைத் திட்ட என் வாயை எடுத்துக்கொண்டார்கள். திட்டியவர்களைவிட அவர்களால்தான் எனக்குப் பேஜாரு.

உங்கள் கூட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை நான் கோட்டக்குப்பத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். அம்மா சோறு போட்டார், பேசவில்லை. சிக்கந்தர் பாட்சா மாமா வந்தார். என் போனிலேயே முழுப் பேச்சையும் கேட்டார். கேட்டுவிட்டு, "கணக்கு நீ சொன்னா மாரி சரியாவே இருக்கட்டும் சாரா. ஆனா பொணம் கெடக்குற வூட்டு வாசல்ல நின்னுக்கினு, பந்தல் கோணலா இருக்குதுன்னு சண்ட போட்டா மாரி இருக்குதும்மா" என்றார். "அதே வாசல்ல நின்னு அழுதுட்டுத்தானே மாமா பேசுனேன்" என்றேன். ஒரு மணி நேரம் வாதாடினோம். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, நானும் ஒப்புக்கொள்ளவில்லை. டீ குடித்துவிட்டு, தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

எங்கள் முஸ்லிம் சனங்கள் இருக்கிற கோட்டக்குப்பத்தில் கோபம் வரும் என்றுதானே தீர்மானம் போட்டீர்கள்? அங்கே இருந்து அரங்கத்துக்கு ஒரு போன் வந்ததா? அவர்கள் என்னைக் கேட்டார்கள். என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்கள். நான் பதில் சொன்னேன். கேட்காமலே எழுதியது அரங்கம் ஒன்றுதான்.

இருபது வருட அரங்கத்தில் உறுப்பினர் ஒருவர் மேல் தீர்மானம் போட்டது இதுதான் முதல் தடவை. பேச்சாளர் வல்லரசு மயிலத்தில் குடித்துவிட்டு மேடை ஏறி நடுவரையே திட்டினார். தீர்மானம் இல்லை. கோகுலகிருஷ்ணன் இன்னொருவர் பேச்சை அப்படியே மனப்பாடம் செய்து வந்து கைதட்டு வாங்கினார். தீர்மானம் இல்லை. எனக்கு மட்டும் தனித் தலைப்பு. நான் மேடையில் சொன்னது எனக்கே இப்போதுதான் புரிகிறது.

இப்படிக்கு,
சாரா பீவி


விழுப்புரம்,
19 டிசம்பர் 2025

சாரா,

'திருமதி' என்று நீ எழுதியதை என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இன்னா, சாரா உனக்கு மெமோ குடுத்துக்கிது?" என்கிறார். சரி, காகிதத்திலேயே எழுதுகிறேன்.

அரங்கத்தின் கட்டுப்பாடு உனக்குத் தெரியும். சீனுவாசன் ஐயா சீட்டுகளை மடித்துச் சுண்டல் கிண்ணத்தில் போட்டுக் குலுக்குவார். எந்தப் பக்கம் வந்ததோ அந்தப் பக்கம் பேச வேண்டும். மாற்றக் கூடாது. எந்தச் சீட்டு வந்தது என்று எடுத்தவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது, மேடையில் மூச்சு விடவும் கூடாது. இந்தத் தலைப்புக்கு ஓரவஞ்சனை என்ற சீட்டு வந்தது எனக்கு. நியாயம் என்ற சீட்டு வந்தது உனக்கு. ஒத்திகைக்காகக் கூட்டேரிப்பட்டில் சந்தித்தோம். நீ வேகவைத்த மல்லாட்டைப் பொட்டலத்தைப் பிரித்து, கடலையை உரித்துக்கொண்டே கேட்டாய்: "அக்கா, மாத்திக்கலாமா? நான் மேடை ஏறுனாலே, இவ எந்தப் பக்கம் பேசுவான்னு சனங்க முன்னாடியே முடிவு பண்ணிக்கினு குந்திக்கினு இருக்காங்க. ஒரு தபா அவங்கள ஏமாத்தணும்க்கா." எனக்கும் அது பிடித்திருந்தது. மாற்றிக்கொண்டோம்.

இனி அந்தக் கூட்டத்தில் நடந்ததைக் கேள். உனக்காக ஒரே ஒருத்திதான் எழுந்தாள், அஸ்வினி. "சீட்டுல வந்தத்தானே அக்கா பேசுனாங்க? அவங்க மேல இன்னா தப்பு?" என்றாள். உடனே கோகுல் என் பக்கம் திரும்பி, "மேடம், நீங்கதான் அவங்க கூட சீட்டு எடுத்தீங்க. அவங்க பேசுனது சீட்டுல வந்ததுதானா, சொல்லுங்க. ஆமான்னா தீர்மானத்தக் கிழிச்சிப் போட்டுடறேன்" என்றார்.

ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால், நீயாகவே தேடிப் போய் அந்தப் பக்கத்தை எடுத்தாய் என்று ஆகிவிடும். உன்னை அதோடு தீர்த்துக்கட்டிவிடுவார்கள் என்று பயந்தேன். "ஞாபகம் இல்ல" என்றேன். பானிப்பட்டுப் போர் மூன்றையும் தேதியோடு ஒப்பிக்கிற வரலாற்று டீச்சருக்கு, போன மாதம் எடுத்த சீட்டு ஞாபகம் இல்லையாம். அஸ்வினி உட்கார்ந்துவிட்டாள். வாக்கெடுப்பில் அவளும் மற்றவர்களோடு கை தூக்கினாள். என் கை மடியிலேயே இருந்தது.

நம் நாடுகூட இந்த விஷயத்தில் எத்தனை தடவை நடுநிலை வகித்திருக்கிறது! அதற்கும் ஏதோ காரணம் சொல்வார்கள் அல்லவா? என் காரணம் இதுதான்.

ஆனால் ஒன்று சொல்லாமல் இருக்க மாட்டேன். உன் கடிதத்தின் கடைசிப் பகுதியில் எனக்கு உடன்பாடு இல்லை. வல்லரசு குடித்ததற்குத் தீர்மானம் போடவில்லை என்பதால் நீ பேசியது சரியாகிவிடாது. உன்னை மட்டும் பிடித்தார்கள் என்பது உண்மை. அதனால் உன் கட்சி நியாயமாகிவிட்டதா? எண்ணிக்கையைப் பார், எண்ணிக்கையைப் பார் என்றாய். தீ அணையாத வீட்டுக்குத்தான் சாரா திரும்பத் திரும்பத் தண்ணீர் வண்டி போகும். 1967-லிருந்து பிடித்த நிலம் பிடித்தபடி இருக்கிறது. பாதுகாப்புச் சபையில் கொண்டுபோனால் வீட்டோ வந்து குறுக்கே நிற்கிறது. அந்தச் சனங்களுக்கு உலகம் கொடுத்தது பொதுச்சபைக் காகிதம் ஒன்றைத்தான். அதையும் எண்ணிக் குறை சொல்வதா?

அன்றைக்கு மணி அடித்துவிட்டதால் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. முள்ளிவாய்க்காலைச் சொல்லி மண்டபத்தையே கட்டிப்போட்டாயே, அந்தச் சனங்களின் தலைக்கு மேல் பறந்த கிபிர் போர் விமானத்தை இலங்கைக்கு விற்ற நாடு எது, இதே இஸ்ரேல்தானே? இதை நினைத்து ஒரு மாதமாக நாக்கு அரிக்கிறது. உன்னிடம் சொல்லிவிட்டேன், இனித் தூக்கம் வரும்.

உன் எதிரணி,
கலைமதி


திண்டிவனம்,
23 டிசம்பர் 2025

கலைமதி அக்கா,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுகை வந்தது. நீங்கள் பயந்து ஒதுங்கிவிட்டீர்கள் என்று நினைத்திருந்தேன். எனக்காகப் பயந்திருக்கிறீர்கள். இரண்டாவது தடவை கோபம் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

"சீட்டுல வந்ததுதானா" என்று கோகுல் கேட்டாரே, அந்தக் கேள்வி எவ்வளவு கேவலமானது என்று பத்துப் பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லையா? கிண்ணம் சொன்னதால் பேசினேன் என்றால் தீர்மானத்தைக் கிழித்துவிடுவாராம். நானே யோசித்து எடுத்தேன் என்றால் ஆறு மாதமாம். பொம்மைக்கு மன்னிப்பு, மனுஷிக்குத் தண்டனை! நீங்களும் அதை ஒத்துக்கொண்டுதானே அக்கா என்னை மறைத்தீர்கள்? சாரா யோசித்துப் பேசினாள் என்பது மறைக்க வேண்டிய விஷயம் என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள்.

நான் பேசியது சரி என்று சொல்லச் சொல்லவில்லை. உங்கள் கிபிர் கேள்வி நல்ல கேள்வி. அன்றைக்கே கேட்டிருந்தால் என் முள்ளிவாய்க்கால் அங்கேயே கவிழ்ந்திருக்கும். தண்ணீர் வண்டிக்குப் பதில் வைத்திருக்கிறேன், அது பிறகு. ஓரவஞ்சனையும் உண்மையாக இருக்கலாம், அந்த நாடு செய்கிற கொடுமையும் உண்மையாக இருக்கலாம். ஒன்றைச் சொன்னவள் மற்றதை மறைத்தாள் என்று யார் சொன்னது? அதைத்தான் கேட்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, நீ பேசியது தப்பு என்று ஒன்பது பேரும் சொல்லியிருந்தால் நான் உங்கள் எண்ணைத் தடுத்திருக்க மாட்டேன்.

ஜனவரி 4 கூட்டத்தில் போன கூட்டத்து நடவடிக்கையைப் படித்து உறுதி செய்வார்கள். அதுவரை தீர்மானம் முழுமையாகவில்லை. மேடை இல்லை என்றால் கூட்டத்துக்கும் வரக் கூடாது என்று கோகுல் விளக்கம் சொல்லிவிட்டார். ஆகவே நான் வரமுடியாது. நீங்கள் எழுந்து சொல்லுங்கள். சீட்டை மாற்றினோம், சாரா கேட்டுத்தான் வாங்கினாள், யோசித்துத்தான் பேசினாள் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் கையைத் தூக்குங்கள். தீர்மானத்தை எதிர்த்துத் தூக்கினாலும் சரி, ஆதரித்துத் தூக்கினாலும் சரி. ஆதரித்தால்கூட நம் சிநேகம் இருக்கும், சத்தியமாகச் சொல்கிறேன். மடியில் மட்டும் வைக்காதீர்கள் அக்கா. அந்த ஒன்பது கையும் எனக்கு வலிக்கவில்லை. அந்த ஒரு கைதான் வலித்தது.

சாரா


விழுப்புரம்,
29 டிசம்பர் 2025

சாரா,

மார்கழி ஒலிபெருக்கி காதைப் பிளக்கிறது. அரையாண்டு விடுமுறை. திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு மேசையில் இருக்கிறது, மனசு அதில் இல்லை. உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. இதுவும் பதில் இல்லை.

பயம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். உனக்காக நான் கை தூக்கினால், நீ சொன்ன கருத்துக்கும் தூக்கியதாகத்தான் ஊர் படிக்கும். அரை நிமிட வீடியோவில் என்னையும் ஒட்டிவிடுவார்கள். அந்தக் கருத்து எனக்குச் சம்மதமில்லை. அன்றைக்கு நான் பேசியதை நம்பித்தான் பேசினேன். சீட்டை மாற்றியதால் எனக்குக் கிடைத்தது என் மனசு. உனக்குக் கிடைத்தது எது என்று எனக்குத் தெரியாது.

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. பன்னிரண்டு வருடம் உன்னை எதிர்த்துப் பேசியிருக்கிறேன். நீ உண்மையில் என்ன நினைக்கிறாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நம் தொழிலில் அதைக் கேட்பது நாகரிகம் இல்லை என்று இருந்துவிட்டோம். கேட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். கொடுத்துவிட்டு அங்கே போய் நாக்கு ஒட்டிக்கொண்டால் அது இன்னும் அசிங்கம்.

கலைமதி


விழுப்புரம்,
5 ஜனவரி 2026

அன்புள்ள சாராவுக்கு,

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இந்நேரம் கோகுல் குழுவில் போட்டிருப்பார். அவர் கை பட்டால் எல்லாம் சுருங்கிவிடும்.

நடவடிக்கைக் குறிப்பைப் படித்து முடித்ததும், "உறுதி செய்யலாமா?" என்றார். எழுந்தேன். "சீட்டு எனக்கு ஞாபகம் இருக்குது" என்றேன். "ஓரவஞ்சனை எனக்கு வந்த சீட்டு. கூட்டேரிப்பட்டுல மாத்திக்கினோம். சாரா கேட்டா, நான் குடுத்தேன். அவ யோசிச்சித்தான் பேசுனா. அவ சொன்னதுல எனக்குச் சம்மதம் இல்ல. எதுத்துப் பேசுனவளே நான்தான். ஆனா அவளக் கூப்புட்டு ஒரு வார்த்த கேக்காம எழுதிட்டோம். அது தப்பு. அதனால இந்தத் தீர்மானத்த எதுக்குறேன்."

வல்லரசுதான் முதலில் வாய் திறந்தார். "அப்ப வேணும்னே பேசிக்கிது. இன்னும் மோசமாச்சே மேடம்" என்றார். நான் பயந்தது அப்படியே நடந்தது. சிலர் தலையாட்டினார்கள். கோகுல் வாக்குக்கு விட்டார். ஆதரவு என்றதும் ஏழு கை. எதிர்ப்பு என்றதும் தூக்கினேன். அவர் எழுதும்வரை இறக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு கை எழுந்தது, திரும்பிப் பார்த்தால் அஸ்வினி. ஒருவர் நடுநிலை. யார் தெரியுமா? சீனுவாசன் ஐயா. நடுவர் அல்லவா, பழக்கதோஷம்.

தோற்றுவிட்டோம் சாரா. ஏழுக்கு இரண்டு. உன் மேல் போட்ட தீர்மானம் அப்படியே நிற்கிறது. அந்த 'வருந்துகிறது'கூட மாறவில்லை.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத எனக்குத் தெம்பு இருந்திருக்காது. எல்லாரும் எழுந்திருக்கும் நேரத்தில் நான் உட்காரவில்லை. "ஐயா, சீட்ட மாத்தக் கூடாதுங்கறது கட்டுப்பாடு. மாத்துனது ரெண்டு பேரு. ஒருத்திக்குத்தான் தண்டன குடுத்துக்கிறீங்க" என்றேன். கோகுலுக்கு முகம் வெளுத்துவிட்டது. "உங்கள ஏன் மேடம்? நீங்க நல்ல பக்கம்தானே பேசுனீங்க?" என்றார். "பக்கத்துக்கா தண்டன? தப்புக்கா?" என்று கேட்டேன். சீனுவாசன் ஐயாதான், "அந்தம்மா கேக்குறது நாயம்ப்பா. எழுதிக்கோ" என்றார்.

எழுதினார்கள். "சீட்டு மாற்றியதற்காகக் கலைமதி அவர்களுக்கு ஆறு மாதம் மேடை இல்லை." வாக்கெடுப்பில் கை தூக்க எல்லாருக்கும் கூச்சம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் எழுந்த கை என்னுடையதுதான். ஆதரித்து.

பொங்கல் நிகழ்ச்சிக்கு நாம் இருவரும் இல்லை. வல்லரசும் கோகுலும் போகிறார்களாம். அந்த ஊர்ச் சனங்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

உன் எதிரணி,
கலைமதி


திண்டிவனம்,
9 ஜனவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

கடைசிப் பத்தியைப் படித்துக் கடையிலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஜாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வந்திருந்தவர் பயந்துபோய், "எதுனா தப்பா எழுதிட்டேனாம்மா?" என்றார். சிரித்து முடித்ததும் அழுதேன். அவர் இன்னும் பயந்துவிட்டார். அவருக்கு ஜெராக்ஸ் இலவசம்.

தீர்மானம் நிற்கட்டும் அக்கா. அதை இனிச் சட்டை செய்யமாட்டேன். கேட்ட கை கிடைத்துவிட்டது.

நேற்று கோட்டக்குப்பம் போயிருந்தேன். உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். "உன்ன எதுத்துப் பேசுச்சே, அந்த டீச்சரா கை தூக்குச்சு?" என்றார். ஆமாம் என்றேன். "நீ பேசுனது எனக்கு இன்னும் ஆவல சாரா. மனசு ஆறல" என்றார். ஆனால் பேசினார். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு என் பெயரைச் சொல்லிப் பேசினார். கிளம்பும்போது வறுத்த மீன் ஒரு டப்பாவில் கட்டிக் கொடுத்து, "டீச்சருக்கும் சேத்துதான்" என்றார். நீங்கள் மார்கழியில் மீன் தொடமாட்டீர்கள் என்று சொன்னேன். "அப்ப தை பொறந்ததும் வாங்கிக்கினு போ" என்று டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

உங்கள் எண்ணை விடுவித்துவிட்டேன். ஆனாலும் இதைத் தபாலில்தான் கேட்க வேண்டும் என்று தோன்றியது. நான் உண்மையில் என்ன நினைக்கிறேன் என்று கேட்டதில்லை என எழுதியிருந்தீர்களே, அதை என்னிடம் யாருமே கேட்டதில்லை. சனங்கள் என் பெயரைப் பார்த்து முடிவு செய்தார்கள், அரங்கம் கிண்ணத்தைப் பார்த்து முடிவு செய்தது. நானும் இரண்டுக்கும் நடுவில் என் மனசை எங்கோ வைத்துவிட்டு மறந்துபோனேன். தேடிக்கொண்டிருக்கிறேன். பாதி கிடைத்திருக்கிறது.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டேரிப்பட்டுக்கு வாருங்கள். வறுத்த மீன் கொண்டுவருகிறேன். தண்ணீர் வண்டிக்குப் பதிலும் கொண்டுவருகிறேன். மேடை இல்லை, மைக் இல்லை, மணி அடிக்கவும் ஆளில்லை. இந்தத் தடவை சீட்டும் வேண்டாம் அக்கா. அவரவர் மனசில் இருப்பதை அவரவர் பேசுவோம்.

ஒரே ஒரு பயம்தான். பேசப் பேச, இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் போய் நின்றுவிட்டால் என்ன செய்வது?

உங்கள் எதிரணி,
சாரா